ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பூச்சு: உருளையா, தெளிகருவியா?

கோயில் வீதியிலும் கலியாண மண்டபத்திலும் வைக்கப்படும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்த நேயர்கள், அவற்றின் புறத்தே தோடம்பழத் தோலைப் போலச் சிறு சிறு மேடுகள் பொருந்திய கரிய பூச்சொன்றை அறிந்திருப்பர். அப்பூச்சினால் ஒலி இனிமையடைவதுமில்லை, கெடுவதுமில்லை. லொறியில் ஏற்றி இறக்கும்போது உரசலைத் தாங்குதலும், பலகைக்குள் ஈரம் புகாது காத்தலுமே அதன் தொழில். சொரசொரப்பிற்கும் காரணமுண்டு. வழுவழுப்பான வர்ணத்தில் விழுந்த ஒரு கீறல் தூரத்திலிருந்தே தெரியும்; மேடுபள்ளமான பரப்பில் பத்துக் கீறல்கள் விழுந்தாலும் கண்ணுக்குப் புலனாவதரிது.

பெட்டியைத் தாமே செய்துகொள்வோர் தச்சுவேலை முடிந்ததும் எதிர்நோக்கும் வினா, இப்பூச்சை உருளையினால் உருட்டுவதா, காற்றமுக்கத்தினால் தெளிப்பதா என்பதாகும். பூச்சை வாங்குமுன்னரே இதற்கு விடை காணல் வேண்டும். ஏனெனில், இத்தொழிலில் பலரறிந்த டூராடெக்ஸ் என்னும் பூச்சு, உருளைக்கு ஒரு வகையாகவும் தெளிகருவிக்கு வேறொரு வகையாகவும் விற்கப்படுகின்றது.

உருளை முறையில் மேடுகள் தோன்றும் விதம் எளியது. தடித்த ஈரப்பூச்சின்மீது உருளை உருண்டு எழும்போது, அதனோடு ஒட்டிய பூச்சு சிறு இழைகளாக இழுபட்டு அறும். அறுந்தவை சரிந்து படிந்து மேடுகளாகும். ஆகவே, நுண்துளை கொண்ட பஞ்சுருளை சிறு மேடுகளையும், பெருந்துளை கொண்டது உயர்ந்த மேடுகளையும் தரும். முதற்பூச்சு மெல்லியதாயிருத்தல் வேண்டும். பலகையைப் பற்றிக்கொள்வதே அதன் வேலை. இரண்டாவது பூச்சே தோற்றத்தைத் தருவது. ஒரு பக்கத்தை முழுமையாகப் பூசி, இறுதி உருட்டல்களை ஒரே திசையில், உருளையை அழுத்தாது முடித்தல் நன்று. பாதி உலர்ந்த இடத்திற்கு மீண்டும் சென்று திருத்த முயல்வது புதியவர்களின் இயல்பு. அவ்விடம் ஒட்டுப்போட்ட துணிபோலப் பின்னர் தனித்துத் தெரியும். வெயில் காயும் முற்றத்தில் பூச்சு விரைந்து உலருமாதலால் நிழலே இவ்வேலைக்கு உகந்தது. கைபிடிக் குழி, உள்மூலை, காற்றுத் துவாரம் ஆகியவற்றினுள் உருளை செல்லாது. அங்கே தூரிகை நுனியால் ஒற்றியெடுத்தே சமாளித்தல் வேண்டும்.

தெளிகருவி வல்லமை காட்டுவது அத்தகைய இடங்களிலேதான். இங்கு மேடுகள் இழுபட்டுத் தோன்றுவனவல்ல. துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமாகுமுன் இறுகுவதால் உண்டாவன. காற்றமுக்கத்தைக் குறைத்தால் துளி பெருக்கும், மேடும் பெருக்கும். ஆயின் காற்றை அமுக்கும் பொறியும், அகன்ற வாயுடைய துப்பாக்கியும் தேவை. மோட்டார்வண்டிக்கு வர்ணம் தெளிக்கும் சிறுவாய்த் துப்பாக்கி அடைபட்டுவிடும். தெளித்ததில் ஒரு பகுதி காற்றோடு போய் அயலிலுள்ள பொருள்களிற் படியும். இரண்டொரு பெட்டிக்காக இவ்வளவும் செய்வது வீண் என்றே சொல்லல் வேண்டும். ஒரே அளவான பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் செய்வோர்க்கு அக்கணக்கு மாறும்.

செலவைக் காட்டிலும் பெரிதாக எண்ணவேண்டியது மூச்சு. நீரிற் கரைத்த பூச்சாயினும் அதன் புகாரைச் சுவாசித்தல் ஆகாது. இரு பாகங்களைக் கலந்து தெளிக்கும் பொலியூரியா, பொலியூறெதேன் வகைகளோ முற்றிலும் வேறானவை. லொறித் தட்டுகளுக்கு இடும் இப்பூச்சுக்கள் மிக உறுதியானவை என்பதால் சிலர் பெட்டிக்கும் விரும்புகின்றனர். அவற்றிலுள்ள ஐசோசயனேற்று என்னும் சேர்மங்கள், தொழிலினால் உண்டாகும் தொய்வு நோய்க்கு முக்கிய காரணங்களுள் ஒன்றெனக் கண்டறியப்பட்டுள்ளன. 1984 இல் போபாலிற் கசிந்த வாயுவும் அக்குடும்பத்தது. ஆனால் எளிதில் ஆவியாகும் வேறொரு சேர்மம். தீங்கு செய்யும் அளவிற்கூட இவற்றின் மணம் தெரியாதிருக்கலாம். உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவும் மூச்சுத் திணறலை விளைவிக்கும். தூசுக்குக் கட்டும் முகமூடி இதற்குப் பயன்படாது. தூய காற்றைக் குழாய்வழி ஊட்டும் முகமூடியும், புறம்பான தெளிப்பறையும் உள்ள தொழிற்சாலைக்கே உரிய வேலை அது. வீட்டு விறாந்தைக்கு உரியதன்று.

எம்முறையைக் கொண்டாலும் பலகையைப் பண்படுத்துவதில் வேறுபாடில்லை. கூரிய விளிம்பிலிருந்து ஈரப்பூச்சு விலகி மெலிந்துவிடுமாதலால், விளிம்புகளை முன்னரே உருட்டி மழுக்குதல் வேண்டும். மரநாரை அமுக்கிச் செய்த பலகையாயின், அதன் வெட்டுமுகம் பூச்சைக் குடித்துவிடும். அதனை முதலில் அடைத்து, அரத்தாளால் தேய்த்தல் அவசியம். ஒலிபெருக்கியின் வளையம் அமரும் இடத்தில் பூச்சுப் படாதவாறு நாடாவால் மறைத்தலும் வேண்டும். அங்கே மேடுகள் இருப்பின், அவற்றினூடு காற்று ஒழுகி இரைச்சல் கேட்கும். அந்நாடாவைப் பூச்சு ஈரமாயிருக்கும்போதே உரித்தெடுத்தால் ஓரம் கிழியாது.

தொட்டால் ஒட்டாத நிலையைப் பூச்சு ஒருசில மணி நேரத்தில் அடைந்தாலும், முற்றாக இறுகப் பல நாட்கள் செல்லும். அதற்குள் ஒரு பெட்டியின்மேல் மற்றொன்றை அடுக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்கும்போது பூச்சு உரிந்து வெறும் பலகை வெளிப்படும்.