பணியிடத்தில் கட்டற்ற மென்பொருள் கொள்கை

பணியிடத்தில் கட்டற்ற மென்பொருள் கொள்கையைப் பேணுதல் என்பது, ஊதியத்திற்கு நிரல் எழுதும் ஒருவர், தாம் எழுதும் நிரலைப் பிறர் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பகிரவும் உள்ள சுதந்திரத்தை விட்டுக்கொடாது பணியாற்றுவதைக் குறிக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984 ஆம் ஆண்டில் தமது வேலையைத் துறந்தமை இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

ஸ்டால்மன் 1971 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். மூல நிரலைப் பகிர்ந்து கொள்வது அங்கு வழக்கமாக இருந்தது. பின்னர் ஆய்வகத்திற்குச் செராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் தாள் சிக்கும்போது பயனருக்கு அறிவிக்கும் வசதியைச் சேர்க்க அவர் விரும்பினார். ஆனால் அதன் மூல நிரல் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளர், இரகசியம் காப்பதாக ஒப்பந்தம் செய்திருந்தமையால் தர மறுத்தார். ஒருவர் தம் பணியின் பொருட்டு இடும் கையொப்பம் பிறர் அனைவரையும் பாதிக்கும் என்பதை இந்நிகழ்வு ஸ்டால்மனுக்கு உணர்த்தியது.

பணி விலகல்

கட்டற்ற இயங்குதளமொன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை அவர் 1983 செப்டம்பர் 27 அன்று அறிவித்தார். ஊழியராக இருந்துகொண்டு அதனை எழுதினால், கழகம் அதற்கு உரிமை கோரித் தனது நிபந்தனைகளை விதிக்க இயலும். ஆகவே 1984 சனவரியில் பணியிலிருந்து விலகினார். எனினும் ஆய்வகத்தின் வசதிகளைத் தொடர்ந்து பயன்படுத்த அதன் தலைவர் பேராசிரியர் பாட்ரிக் வின்ஸ்டன் இசைந்தார்.

வேலையை இழந்த ஸ்டால்மன், ஈமாக்ஸ் உரைதொகுப்பி அடங்கிய நாடாவை 150 டாலருக்கு விற்று வருவாய் ஈட்டினார். கட்டற்ற மென்பொருள் விலையின்மையை அன்றிச் சுதந்திரத்தையே குறிப்பதால், இவ்விற்பனை அவரது கொள்கைக்கு முரணானதன்று. 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 17 ஆம் பிரிவின்படி, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, ஊழியர் தமது பணியின்போது உருவாக்கும் ஆக்கத்தின் முதல் உரிமையாளர் அவரைப் பணியமர்த்தியவரே ஆவார். கணினி நிரல்களும் இதில் அடங்கும். எனவே நிரலை எழுதியவர் என்பதனால் மட்டும் ஒருவர் அதனைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட இயலாது.

இதனாலேயே, நிரலாளராகப் பணிபுரிவோர் தேவையாயின் தம் நிறுவனத்திடமிருந்து, நிரலின் மீது உரிமை கோருவதில்லை என்னும் எழுத்துமூல உறுதியைப் பெறுமாறு க்னூ பொது மக்கள் உரிமத்தின் பின்னிணைப்பு அறிவுறுத்துகின்றது. இவ்வுறுதியைப் பணியில் சேரும்போதோ நிரலை எழுதத் தொடங்குமுன்னரோ பெறுபவர், கொள்கைக்காக வேலையைத் துறக்க வேண்டிய நிலையைத் தவிர்க்கலாம்.