வளைவில் 41ஆ, 17ஆ? சைக்கிள் வீடியோவும் ரைடு டேட்டாவும்

சைக்கிள் வீடியோ மேல வேகம், உயரம், இதயத்துடிப்பு எல்லாம் எண்களா ஓடுறதைப் பார்த்திருப்பீங்க. அதை எப்படிச் செய்யறதுன்னு பல பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன். முதல்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

கொல்லிமலை இறக்கத்தை வீடியோ எடுத்துப் போட்டிருந்தேன். காரவள்ளியில் இருந்து மேலே வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கிற பாதை. ரெண்டு நாள் கழிச்சு ஒரு தம்பி எழுதியிருந்தார்: "அண்ணா, அந்த வளைவுல 41ல திரும்புறீங்களே, எப்படி? ஞாயித்துக்கிழமை நானும் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வளைவில் நான் போனது 17 கிலோமீட்டர் வேகத்தில்தான். 41 என்பது அதுக்கு 20 விநாடி முன்னாடி, நேர் சாலையில் வந்த வேகம். எண் சரி, அது தெரிந்த இடம்தான் தப்பு. உடனே வீடியோவை எடுத்துட்டு, அந்தத் தம்பிக்குப் பதில் எழுதினேன்.

ஏன் இப்படி ஆச்சு? நம்மகிட்ட இருக்கிறது ரெண்டு ஃபைல், ரெண்டு கடிகாரம். சைக்கிள் கம்ப்யூட்டர் எழுதுற ஃபிட் ஃபைலில் வேகம், இதயத்துடிப்பு, பெடல் சுற்று எல்லாம் இருக்கும். ஜிபிஎக்ஸ் ஃபைலில் அடிப்படையா இடம், உயரம், நேரம். இந்த ரெண்டு ஃபைலிலும் நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகும், அதாவது நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். கேமராவில் இருப்பது பெரும்பாலும் நாம கையால வச்ச நேரம். அது சில விநாடி முன்னே பின்னே இருக்கும். ஐந்தரை மணி நேரப் பிழை உடனே கண்ணில் பட்டுடும். 20 விநாடிப் பிழை படாது. ஆனா மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு 10 மீட்டர். 20 விநாடி என்றால் 200 மீட்டர். மலைப் பாதையில் அது வேற ஒரு வளைவு.

இப்போ நான் செய்யற முறை இதுதான். கிளம்பும்போது கேமராவை ஆன் பண்ணி, சைக்கிள் கம்ப்யூட்டரை அதுக்கு முன்னாடி காட்டி, லேப் பட்டனை அழுத்துவேன். அழுத்தின விநாடி ஃபிட் ஃபைலில் பதிவாகிடும், வீடியோவிலும் தெரியும். எடிட்டிங்கில் ரெண்டையும் ஒட்ட வைக்கணும், அவ்வளவுதான். மறந்துட்டீங்களா? சைக்கிள் முழுசா நின்ன ஒரு இடத்தைத் தேடுங்க. அங்கே வேகம் பூஜ்யம் ஆகணும்.

கம்ப்யூட்டர் செட்டிங்கில் விநாடிக்கு ஒரு பதிவுன்னு வச்சுக்கோங்க. ஆட்டோ பாஸை அணைச்சுடுங்க, இல்லைன்னா நின்ன நேரமெல்லாம் டேட்டாவில் ஓட்டையா இருக்கும். கேமராவிலேயே ஜிபிஎஸ் இருந்தா பொருத்துற வேலையே குறைவு. ஆனா வாங்கும்போது பாருங்க: கோப்ரோ ஹீரோ 12இல் ஜிபிஎஸ் கிடையாது, 13இல் திரும்ப வந்தது.

அடுத்து சாஃப்ட்வேர். டெலிமெட்ரி ஓவர்லே என்பது காசு கொடுத்து வாங்குறது. பைதான் தெரிஞ்சவங்களுக்கு கோப்ரோ டாஷ்போர்டு ஓவர்லே இலவசம். எண்களை மட்டும் பின்னணி இல்லாத வீடியோவா எடுத்து, டாவின்சி ரிசால்விலோ கேடென்லைவிலோ மேல் டிராக்கில் வைக்கலாம். ஒரே விதி: முழு வீடியோவோட முதல்ல பொருத்துங்க, அப்புறம் வெட்டுங்க. வெட்டிட்டுப் பொருத்தினா ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியா உட்காரணும்.

ஆரம்பத்தில் பொருந்தினது கடைசியிலும் பொருந்துதான்னு பாருங்க. கேமராவில் 30 ஃபிரேம்னு போட்டிருந்தாலும் பல கேமராக்களில் உண்மையில் அது 29.97. அதை எங்கேயாவது சரியா 30ன்னு எடுத்துக்கிட்டா ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி தள்ளிப்போகும். கேமரா நீளமான பதிவைப் பல ஃபைல்களா உடைச்சு வைக்கும். நடுவில் ஒண்ணு விட்டுப்போனாலும் அதுக்கப்புறம் எல்லாமே தப்பு.

இன்னொரு பொறி, ஸ்மூத்திங். சரிவு சதவீதம் குதிக்காம இருக்க அது தேவைதான். ஆனா வேகத்துக்கு 10 விநாடி சராசரி போட்டீங்கன்னா, வளைவில் நீங்க பிரேக் பிடிச்சதே தெரியாது. 17 போய் 28ன்னு காட்டலாம். பார்க்கிறவங்க அதை நம்புவாங்க.

அதனால பதிவேற்றும் முன்னாடி ஒரே ஒரு சோதனை. ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவை ஓட்டிப் பாருங்க. எண் வளைவுக்கு முன்னாடி குறைஞ்சு, வளைவு முடிஞ்சதும் ஏறினா சரி. வளைவு நடுவில் எண் ஏறினா, திரும்பப் போய் உட்காருங்க.

நான் வீடியோவைத் திருத்தி மறுபடியும் போட்டேன். அதே வளைவில் இப்போ 17ன்னு தெரியும். அந்தத் தம்பி ஞாயித்துக்கிழமை ராத்திரி எழுதினார்: "பிரேக் பிடிச்சுப் பிடிச்சு கை வலிக்குதுண்ணா, ஆனா பத்திரமா இறங்கிட்டேன்."

அடுத்த எபிசோடில் பேசுவோம். ஹெல்மெட் போட்டு ஓட்டுங்க.