எல்லை வழக்கில் மாலைமாற்று

முன்னுரை

முதலிலிருந்து படிப்பினும் ஈற்றிலிருந்து படிப்பினும் வேறுபடாது நிற்பது மாலைமாற்று. தண்டியலங்காரம் இதனைச் சொல்லணியியலில் வைத்து எண்ணும். திருஞானசம்பந்தர் சீகாழி மீது பாடிய பதிகமொன்று முழுவதும் இவ்வமைப்பினது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இவ்வெல்லைச் சிற்றூர்களை மனத்திற்கொண்டு, இவ்விளையாட்டு மொழியெல்லையைக் கடக்குமா என இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்தே அலகு

மலையாளம் என்னும் பெயரை உரோமன் எழுத்தில் எழுதினால் இருபுறமும் ஒன்றாகவே படிக்கலாம் என்பது பலரும் அறிந்ததே. ஆயின் மலையாள எழுத்தில் அஃது அவ்வாறு அமையாது; லகர ளகர வேறுபாடும் ஈற்று மகர ஒற்றும் தடுக்கின்றன. ‘விகடகவி’ என்பதோ தமிழ், மலையாளம் ஆகிய இரண்டிலும் மாலைமாற்றாக நிற்க, உரோமன் எழுத்தில் சிதைகிறது. உயிர்மெய்யை ஓரலகாகக் கொள்ளும் எழுத்துமுறையே இதற்குக் காரணமாகும்.

வினைமுற்றின் பங்கு

மலையாளத்தில் நன்கறியப்பட்ட மாலைமாற்று ‘மோரு தருமோ’ என்பது. எதிரே நிற்பவரிடம் மோர் கேட்கும் வேண்டுகோள் இது. தமிழ் எழுத்தில் எழுதினும் இதன் வடிவம் கெடுவதில்லை. ‘மோரு’ என்பது தமிழ்ப் பேச்சு வழக்கிலும் உண்டு. பொருளே இடறுகிறது. தமிழில் ‘தரும்’ என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று. இலக்கண நெறிப்படி அது தன்மையிலும் முன்னிலையிலும் பலர்பாலிலும் வாராது. ‘தருவாயோ’, ‘தருவீரோ’ எனத் திருத்தினால் மாலை அறுந்துவிடும். வினைமுற்றில் பால், எண், இட விகுதிகளை மலையாளம் இழந்தமையாலேயே இவ்வைந்தெழுத்துகள் முன்னிலை வேண்டுகோளாக இயங்குகின்றன. ஆகவே, இரு மொழிகளும் பிரிந்த வரலாற்றின் ஒரு கூறு இச்சிறு தொடரில் பதிந்துள்ளது எனலாம்.

தடையே துணையாதல்

தமிழின் ‘தேரு வருதே’ என்னும் தொடரை இதனோடு ஒப்பிடலாம். இதிலும் எழுத்து ஐந்தே. ‘வருது’ என்பதன் ஒன்றன்பால் விகுதி ஏகாரத்தோடு கூடித் ‘தே’ என முடிந்து, தேரின் முதலெழுத்தோடு பொருந்துகிறது. முன்னைய தொடரில் தடையாக நின்ற பால் விகுதி இங்கே மாலையைக் கட்டும் நாராகிறது.

முடிவுரை

மோர் கேட்டலே மூலத்தின் நோக்கமாயின் மொழிபெயர்ப்பாளர் பொருளைக் காத்து வடிவத்தை விடலாம். விளையாட்டே நோக்கமாயின் மோரை விட்டுத் தேரைக் கொணர்தல் தகும். எதனை இழக்கலாம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். இரு மொழியும் அறிந்த எல்லையூர் வாசகர்க்கு இரண்டு தொடர்களும் ஒருங்கே இன்பம் பயக்கும். அவ்வின்பத்தின் அடியில் இலக்கணமே நிற்கிறது.