தவளை தன் வாயால் கெடுமா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஏரிகள் நிரம்பும்போது கரையோர ஊர்க்காரர்களின் தூக்கத்தைத் தவளைகள் கெடுக்கின்றன. கோடை வந்தால் அந்த வேலையைக் குயில் எடுத்துக்கொள்கிறது. விடிய வெகுநேரம் இருக்கும்போதே வேப்பமரத்தில் உட்கார்ந்து கூவத் தொடங்கிவிடும். மற்ற மாதங்களுக்குச் சில்வண்டும் பக்கியும் ஆந்தையும் இருக்கின்றன. பகல் முழுக்க நேரம் கிடக்க, இவை ஏன் இருட்டில் தொண்டையைக் கிழித்துக்கொள்கின்றன? ஏக்கம், ஆனந்தம், கெட்ட சகுனம் என்று நம் மனத்தில் இருப்பதையே எடுத்து அவற்றின் வாயில் வைத்துப் பழகிவிட்டோம். பாடுகிற உயிரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, கேட்க வேண்டிய உயிர் எது, அது எப்போது நடமாடுகிறது, அதன் காதுவரை சத்தம் எப்போது போய்ச் சேரும் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. இரவுப் பாட்டின் காரணம் பெரும்பாலும் கேட்பவரிடம்தான் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில் காற்றைப் பார்ப்போம். பகலில் தரை சுடும்போது அதை ஒட்டிய காற்றும் சூடாகிவிடும். மேலே போகப்போகச் சூடு குறையும். சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடுவதால் ஒலி அலை மேல்நோக்கி வளைந்து, தொலைவில் இருப்பவரின் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. வானம் தெளிவாக இருக்கும் இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து நிலைமை தலைகீழாகிறது. ஒலி தரைப்பக்கமே வளைந்து நெடுந்தூரம் போகிறது, காற்றும் ஓய்ந்திருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் அறுவடையாகி வெறிச்சோடிக் கிடக்கும் பெரம்பலூர்க் கரிசல் மானாவாரி நிலத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். அங்கே வண்டிப்பாதையில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ‘சக் சக் சக்’ என்று தொடங்கி ‘ர்ர்ர்’ என்று முடிக்கும் பக்கியின் குரல் அதன் உடம்பின் அளவுக்குப் பொருந்தாத தூரம் கேட்கிறது. அந்தப் பக்கிகூட இருட்டை விரும்பிப் பாடுவதில்லை. கண்ணால் பார்த்துப் பூச்சி பிடிக்கும் இனம் அது. அமெரிக்காவில் உள்ள அதன் உறவுப் பறவைகளை ஆராய்ந்தவர்கள், நிலா வெளிச்சம் உள்ள இரவுகளில்தான் அவை அதிகம் குரல் கொடுக்கின்றன என்று கண்டார்கள்.

தவளைக்கு இன்னொரு தடை உண்டு. அதன் தோல் ஈரமாகவே இருக்க வேண்டும். வெயிலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கத்தினால் காய்ந்துபோகும். இந்தத் தடை நீங்கினால் என்ன ஆகும் என்பதையும் நம் ஊர் வயல்களிலேயே பார்க்கலாம். பெருமழை கொட்டித் தீர்த்த நாளில் பெரிய வயல்தவளையின் ஆண், உடம்பெல்லாம் மஞ்சளாகி, தாடையின் இரு பக்கமும் நீலப் பைகளைப் புடைத்துக்கொண்டு பட்டப்பகலிலேயே கத்தும். அதற்குத் தேவை ஈரமும், ஈரத்தை நம்பிக் கிளம்பிவரும் பெண் தவளையும். இரண்டும் பகலில் கிடைத்தால் அது இரவுக்காகக் காத்திருப்பதில்லை.

கேட்பவருக்காகத்தான் நேரம் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதற்குத் தெளிவான சாட்சி ஐரோப்பாவின் நைட்டிங்கேல். இரவெல்லாம் பாடுவதற்கே பேர்போன பறவை. ஆனால் 2002-ல் வெளியான ஓர் ஆய்வு, நள்ளிரவில் தொடர்ந்து பாடுபவை பெரும்பாலும் துணை கிடைக்காத ஆண்களே என்று காட்டியது. ஜோடி சேர்ந்ததும் ராப்பாட்டு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. துணை விட்டுப் போனால் மறுபடி தொடங்குகிறது. பின்னர் பெண் பறவைகளின் உடம்பில் சிறு கருவி பொருத்திப் பார்த்தபோது, துணை தேடி அவை ஊர் சுற்றுவதும் இரவில்தான் என்று தெரிந்தது. கேட்பவர் வரும் நேரத்துக்குக் கடை திறந்து வைக்கிறது ஆண். பகலில் அந்த ஆண்கள் பாடாமல் இல்லை. அந்தப் பாட்டு பக்கத்து ஆணை எச்சரிக்க.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். இருட்டில் சத்தம் போட்டால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடாதா? தவளை தன் வாயால் கெடும் என்று பழமொழியே இருக்கிறதே! பழமொழியில் உண்மை இல்லாமல் இல்லை. பனாமா காடுகளில் ஒருவகை வௌவால் தவளையின் குரலைக் கேட்டே அதைக் கவ்விப் போவது 1980-களின் தொடக்கத்திலேயே நிரூபணமானது. ஆனால் பழமொழி பாதிக் கணக்கைத்தான் சொல்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு வௌவாலையும் அது தின்னும் பச்சை வெட்டுக்கிளிகளையும் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட முடிவு வேடிக்கையானது. பாடுகிற ஆணைவிட, வாயே திறக்காத பெண்தான் வௌவாலிடம் அதிகம் மாட்டுகிறது. ஆண் உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுக்கிறது. பெண்ணோ அதைத் தேடிப் பறந்து வர வேண்டும், அந்தப் பறத்தலே காட்டிக்கொடுக்கிறது. ஆக, சத்தத்தை மட்டும் ஆபத்தாக எண்ணிப் பகலையும் இரவையும் ஒப்பிடுவது தப்புக் கணக்கு. கேட்டு வருபவரின் பயணத்தையும் சேர்க்க வேண்டும். காக்கை, மைனா, கரிச்சான், கொக்கு எல்லாம் கண் விழித்திருக்கும் பகலில் அந்தப் பயணம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பாடுவதன் லாபம் எவ்வளவு பெரியது என்பதற்கு, அதே குழு ஆராய்ந்த மரச்சில்வண்டு ஒன்று போதும். புதர்க்காட்டுச் செடியின் அகலமான இலையில் ஆண் வண்டு நடுவாக்கில் ஒரு துளையைக் கடித்து உண்டாக்குகிறது. துளைக்குள் தலையை நுழைத்து, சிறகுகளை இலைப்பரப்போடு ஒட்டினாற்போல் விரித்து உரசுகிறது. சிறகின் இரு பக்கத்து ஒலி அலைகளும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் இலை நடுவில் தடுப்பாக நிற்பதால் குரல் பெருத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் 1975-லேயே பதிவான தந்திரம் இது. 2020-ல் வெளியான இந்திய ஆய்வு சேர்த்தது: இதைச் செய்பவை பெரும்பாலும் உருவத்தில் சிறிய, குரல் சன்னமான ஆண்கள். பெரிய குரலைத் தேடிப் போகும் பெண்களை அவை இப்படி வரவழைக்கின்றன. ஆபத்து ஒன்றே கணக்கு என்றால் சின்ன வண்டு சும்மா இருந்திருக்கும்.

ராத்திரிக் குரலெல்லாம் பாட்டு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரப்பில் ஆள் நடந்தால் வீறிட்டுக் கிளம்பும் ஆட்காட்டி கூப்பிடுவது துணையை அல்ல. தரையில் முட்டையிடும் பறவைக்கு நரியும் நாயும் வரும் நேரத்தில் கூச்சல்தான் காவல். குளிர்காலத்தில் அரியலூரின் கரைவெட்டி ஏரிக்கு இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் இருட்டிலும் பறப்பவை. கண்ணுக்குத் தெரியாத கூட்டாளியோடு விலகாமல் இருக்கக் குரல் வேண்டும்.

கடைசி மறுப்பு, தெருவிளக்கு. நெடுஞ்சாலை வெளிச்சத்தில் பகல் என்று மயங்கித்தான் பறவைகள் பாடுகின்றன என்கிறார்கள். 500-க்கும் மேற்பட்ட இனங்களின் ஒலிப்பதிவுகளை அலசி 2025-ல் வந்த ஆய்வின்படி, செயற்கை வெளிச்சம் மிகுந்த இடங்களில் பறவைகளின் பாட்டுநேரம் சராசரியாக 50 நிமிடம் நீள்கிறது. ஆனால் நீள்வது காலையும் மாலையும். நள்ளிரவுப் பாட்டுக்கு அது முழு விடையல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ராபின் பறவைகள் எங்கே இரவில் பாடுகின்றன என்று பார்த்த 2007 ஆய்வில், விளக்கைவிடப் பகல் இரைச்சலே பெரிய காரணமாகத் தெரிந்தது. பகலில் கேட்காது என்பதால் இரவுக்கு மாற்றிக்கொண்டன. ஷெஃபீல்டு ராபினுக்குக் கிடைத்த அந்தச் சலுகை அரியலூரில் எல்லா இடத்திலும் கிடைக்காது. சிமென்ட் ஆலைச் சூளை இரவென்று அணைவதில்லை. திருச்சி–சென்னை சாலையில் பெரம்பலூரைக் கடக்கும் லாரிகளுக்கும் ராத்திரி உண்டு என்று சொல்ல முடியாது.

விளக்கு உண்மையிலேயே கூட்டிவந்த ஒரு குரல் உண்டு, அது சாக்குருவி. சாவைக் கூப்பிடுவதாகச் சொல்லி இப்படிப் பெயர் வைக்கப்பட்ட புள்ளி ஆந்தை ஜோடியாக அலறுவது இடத்துக்கு உரிமை கொண்டாடத்தான். ஒருகாலத்தில் கிராமத்தில் விடிய விடிய விளக்கெரிந்த வீடு, நோயாளி கிடந்த வீடாகவே பெரும்பாலும் இருந்திருக்கும். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு ஆந்தை வரும், பழி மட்டும் ஆந்தைக்கு. இன்று எல்லாத் தெருவிலும் எல்இடி எரிகிறது. பழைய கணக்குப்படி பார்த்தால் சாக்குருவி ஊரையே காலி செய்திருக்க வேண்டும்.