மண்ணில் எழும் அலை

1942 பிப்ரவரி 19. ஜப்பானிய விமானங்கள் ஆஸ்திரேலியாவின் வடகரைத் துறைமுகமான டார்வின் மீது குண்டு பொழிந்தன. கடல்வழி ஆபத்தானது. வடக்கே நின்ற படைகளுக்குத் துப்பாக்கி ரவையும் மாவு மூட்டையும் பெட்ரோல் பீப்பாயும் தரைவழியாகத்தான் போயாக வேண்டும். ஆனால் தெற்கிலிருந்து வந்த ரயில் பாதை ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் முடிந்துவிட்டது. டார்வினிலிருந்து தெற்கே இறங்கிய பாதையோ லாரிமா பக்கத்தில் நின்றுவிட்டது. நடுவில் சுமார் 1000 கிலோமீட்டர் செம்மண் வெளி.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ராணுவ லாரி டிரைவர்கள். அவர்களில் நிலத்தை விட்டு வந்த விவசாயிகளும் இருந்தார்கள். கோதுமை மூட்டையை லாரியில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோன கைகள், பழுதான எஞ்சினை வேலிக்கம்பியை வைத்தே ஓட வைத்த கைகள். பாரோ கிரீக், பங்கா பங்கா, எலியட் என்று ராணுவ முகாம்களில் இரவு தங்கித் தங்கி, நாள் கணக்கில் அணிவகுத்துப் போனார்கள்.

அவர்களை வாட்டியதில் புழுதிக்கு ஈடாக இன்னொன்றும் உண்டு: சாலை அலை. மண் சாலையின் குறுக்கே, வரப்பு வரப்பாக, ஏறக்குறைய சம இடைவெளியில் எழும் மேடுகள். பண்ணை வீட்டுக் கூரையில் பார்த்துப் பழகிய நெளிதகரத்தை அப்படியே தரையில் விரித்தது போல இருக்கும். மேட்டுக்கு மேடு முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் லாரி நொடிக்கு 15 தடவை அடி வாங்கும். 1000 கிலோமீட்டரும் அப்படியே இருந்தால் 13 லட்சம் அடி! நட்டு கழலும், ஸ்பிரிங் பட்டை முறியும், ரேடியேட்டர் ஒழுகும், டிரைவரின் முதுகெலும்பு கெஞ்சும்.

யாரும் வெட்டாத இந்த வரப்பை யார் போட்டது? சக்கரமே போட்டது. காய்ந்த மண்ணில் எங்கோ ஒரு சிறு முண்டு. வேகமாக வரும் சக்கரம் அதில் ஏறி லேசாகத் துள்ளுகிறது. கீழே விழும்போது மண்ணைக் குழித்து, அந்த மண்ணை முன்னே தள்ளிக் குவிக்கிறது. அந்தக் குவியலே அடுத்த துள்ளலுக்குப் படி. பின்னால் வரும் லாரியும் அதே இடத்தில் துள்ளி, அதே குழியை ஆழமாக்குகிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

ஸ்பிரிங்கின் ஆட்டம்தான் காரணம் என்று பலர் நினைத்ததுண்டு. 2007இல் பிரான்ஸ், பிரிட்டன், கனடா இயற்பியலாளர்கள் சுழலும் மணல் மேடையில் ஒரு சிறு சக்கரத்தை ஓடவிட்டார்கள். ஸ்பிரிங்கே இல்லாமல் அலை எழுந்தது. பிறகு சக்கரத்தையும் எடுத்துவிட்டு, கலப்பைக் கொழு போலச் சாய்ந்த தகட்டை மணலில் இழுத்தார்கள். அப்போதும் அலை! வேகம் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் மட்டுமே மணல் சமமாகக் கிடந்தது. அந்த எல்லை நடை வேகத்தை ஒட்டியது. போர்க்காலத்தில் எந்த லாரி நடை வேகத்தில் போக முடியும்?

சாலையைச் சமன் செய்யும் கிரேடர் எந்திரத்தை வைத்து வழித்தாலும் வண்டிகள் ஓட ஓட அலை திரும்ப எழும். உதிரியாகக் கிடக்கும் மண் துகள்தான் அதற்கு முதல். துகள்களை ஒன்றோடொன்று பிணைத்தால்தான் விடுதலை. மழைக்குப் பின் ஈரம் பிடித்த நிலத்தில் மண் எப்படி ஒட்டும், வெயிலில் எப்படி உதிரும் என்பது உழுதவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈரம் செய்ததை இங்கே தார் நிரந்தரமாகச் செய்தது. போர் முடிவதற்குள்ளேயே அந்த நெடுஞ்சாலைக்குத் தார் போட்டார்கள். அலை அடங்கியது.

போர்க்கதைகளில் குண்டு போட்ட விமானிக்கு இடம் உண்டு. ரொட்டி மாவைக் கொண்டுபோன டிரைவருக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது. விதைக்கக் கற்ற கைகள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, மண்ணின் ஒவ்வொரு அலையையும் தம் எலும்பில் வாங்கிக்கொண்டன. அதனால்தான் வடக்கே அடுப்பு எரிந்தது.