முத்திரை மட்டும் போதாது!

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையையொட்டி உள்ளது மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி, பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் அமைத்த கோயில் இது என்று அங்குள்ள குடைவரையின் கல்வெட்டு கூறுகிறது. முதலாம் மகேந்திரவர்மன் என்ற பெயர் அதில் இல்லை. பிற இடங்களில் காணப்படும் பட்டப்பெயர்களோடு ஒப்பிட்டுத்தான் இருவரும் ஒருவரே என்று வரலாற்றாசிரியர்கள் முடிவு செய்தனர்.

அதே ஊரில் பிறந்த என் பழைய மாணவர் ஒருவர், அண்மையில் ஏறத்தாழ இதே சிக்கலுடன் என்னிடம் வந்தார். சென்னையில் கணக்குப் பிரிவில் பணியாற்றும் அவர், கனடாவின் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் திறன்மிகு பணியாளராகக் குடியேற விண்ணப்பித்திருந்தார். அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் எல்லா ஆவணங்களையும் அளித்தாக வேண்டும். அவர் என்னைச் சந்தித்தபோது 40 நாள்கள் கடந்துவிட்டன.

அவருடைய அக்கா கனடாவில் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர். உடன்பிறந்தவர் அங்கு வசித்தால் விண்ணப்பதாரருக்குக் கூடுதலாக 15 மதிப்பெண்கள் உண்டு. அந்த மதிப்பெண்கள் இல்லாவிட்டால் அவருக்கு அழைப்பே வந்திருக்காது. ஆனால், இருவரும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கான சான்று இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள். இரண்டும் தமிழில் மட்டுமே இருந்தன.

ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பும், மூலத்தின் சான்றளிக்கப்பட்ட நகலும் வேண்டும் என்பது கனடாவின் விதி. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லாதவர் மொழிபெயர்த்தால், அது மூலத்துக்கு உண்மையானது என்று அவர் நோட்டரி முன்பாக உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும். விண்ணப்பதாரரோ அவருடைய நெருங்கிய உறவினரோ மொழிபெயர்க்கக் கூடாது. ஆங்கிலப் புலமை எவ்வளவு இருந்தாலும் இதில் விலக்கில்லை.

மாணவர் ஒரு முகவரிடம் பணம் கொடுத்து மொழிபெயர்ப்பை முடித்திருந்தார். நோட்டரியின் முத்திரையும் கையொப்பமும் குறைவின்றி இருந்தன. "இனி ஒன்றும் பயமில்லைதானே ஐயா?" என்றார். நான் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்தேன்.

அவர் பிறந்தது 1991-இல். அன்று மண்டகப்பட்டு இருந்தது தென் ஆற்காடு மாவட்டத்தில். 1993-இல்தான் அது பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டமானது. சான்றிதழில் 'தென் ஆற்காடு' என்றே இருக்கிறது. மொழிபெயர்ப்பிலோ, பாஸ்போர்ட்டுடன் பொருந்தட்டும் என்று 'விழுப்புரம்' ஆக்கியிருந்தார்கள். அக்காவின் சான்றிதழில் தந்தையின் பெயர் முன்னெழுத்துடன் இருந்தது. தம்பியின் சான்றிதழில் முன்னெழுத்து இல்லை. மொழிபெயர்ப்பில் இரண்டுமே பாஸ்போர்ட்டில் உள்ளபடி விரிந்திருந்தன. முகவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டு, 'மூலத்துக்கு உண்மையானது' என்று சத்தியம் செய்த பத்திரம் அது. உண்மைக்குப் புறம்பான தகவல் அளித்ததாகக் கனடா முடிவு செய்தால், ஐந்தாண்டுகளுக்கு அந்நாட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

நோட்டரி என்ன செய்கிறார் என்பதில் நம்மிடையே நிறையக் குழப்பம் உண்டு. 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம், ஆவணம் நிறைவேற்றப்படுவதைச் சரிபார்த்துச் சான்றளிப்பது, உறுதிமொழி பெறுவது, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது முதலிய பணிகளை அவருக்கு வகுத்துள்ளது. உறுதிமொழிப் பத்திரத்தில் அவர் சொல்வது, 'இன்னார் என் முன் தோன்றி, இவ்வாறு உறுதிகூறிக் கையொப்பமிட்டார்' என்பதே. உள்ளே எழுதியுள்ளவை உண்மை என்பதற்கு அது சான்றாகாது. அந்தப் பொறுப்பு கையொப்பமிட்டவருடையது.

'அப்போஸ்டில்' முத்திரையும் அப்படித்தான். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அது, ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உரிய அலுவலருடையவை என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. இந்தியாவில் 2005 முதலும் கனடாவில் 2024 ஜனவரி 11 முதலும் இது நடைமுறையில் உள்ளது. எனவே எல்லாத் தாள்களுக்கும் அப்போஸ்டில் பெற்றால்தான் பாதுகாப்பு என்று சிலர் செலவு செய்கிறார்கள். ஆவணப் பட்டியலில் கேட்டிருந்தால் மட்டும் பெற்றால் போதும்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதில் இன்னொன்றையும் காண்கிறேன். பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டி ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளுக்கும் பழுதான பொருளின் விலையே கிடைக்கும் என்று அவர் விளக்கினார். ஒட்டாவாவில் அமர்ந்திருக்கும் அலுவலருக்கு மண்டகப்பட்டு தெரியாது. அவர் நம்பக்கூடியவை தாள்கள் மட்டுமே. மூலத்தைப் பாராமலே முத்திரை குத்தும் வழக்கம் பரவினால், ஒழுங்காகச் சரிபார்த்து இட்ட முத்திரைக்கும் மதிப்பு குறையும். அந்த இழப்பைச் சுமப்பவர்கள் நேர்மையான விண்ணப்பதாரர்களே. அதிலும் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற கிராமத்துப் பிள்ளைகள். ஏனெனில் அவர்களின் தாள்களில்தான் இத்தகைய வேறுபாடுகள் மிகுதி.

மாணவரின் சிக்கலுக்குத் தீர்வு எளியதாகவே இருந்தது. உறவினர் அல்லாத ஓர் ஆங்கில ஆசிரியர், பழைய மாவட்டப் பெயர், விடுபட்ட முன்னெழுத்து எதையும் மாற்றாமல் உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தார். மூலச் சான்றிதழ்களுடன் நோட்டரி முன் நேரில் சென்று உறுதிமொழி அளித்தார். வெவ்வேறு வகையில் எழுதப்பட்ட பெயர்கள் ஒரே மனிதரையே குறிக்கின்றன என்று மாணவரின் தந்தை தனியே ஓர் உறுதிமொழிப் பத்திரம் அளித்தார். மாவட்டம் பிரிக்கப்பட்ட வரலாற்றை விளக்கி மாணவர் ஒரு கடிதம் இணைத்தார். வேறுபாட்டை மறைத்தால் ஐயம் எழும். எடுத்துரைத்தால் அது வெறும் விவரமாகிவிடும். நான்கு நாள்கள் எஞ்சியிருக்கையில் விண்ணப்பம் சென்றது. முடிவு இன்னும் வரவில்லை.

அரசு செய்யக்கூடியவையும் உண்டு. இப்போதைய பிறப்புச் சான்றிதழ்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வழங்கப்படுகின்றன. பழைய பதிவுகளுக்கும் கேட்பவர்களுக்கு இருமொழிச் சான்றிதழை உள்ளாட்சி அமைப்புகள் தாமதமின்றி வழங்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போதே முன்னெழுத்தின் விரிவைப் பதிவேட்டில் எழுதிவிட்டால், பின்னாளில் பாஸ்போர்ட் அலுவலகத்தில் திண்டாட வேண்டியதில்லை. நோட்டரிகள் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று விதி உள்ளது. அந்தப் பதிவேடுகள் முறையாக ஆய்வு செய்யப்பட வேண்டும்.

விசித்திரசித்தன் யார் என்று கண்டறிய ஆய்வாளர்களுக்குக் காலக்கெடு எதுவும் இருக்கவில்லை. நம் இளைஞர்களுக்குக் கிடைப்பது 60 நாள்கள். அழைப்பு வரும்வரை காத்திராமல், இன்றே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் ஊரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நோட்டரியிடம் செல்வது அதற்குப் பிறகு செய்யவேண்டிய வேலை.