டு-வா, இங்-கா? இந்த வேடிக்கை தெரியுமா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், ஊர்ச் சபையின் வாரியத்துக்குக் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுக்கும் குடவோலைக் கல்வெட்டு இருப்பது எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலம். கி.பி. 919, 921! அப்போது இங்கிலாந்தில் யார் ராஜா தெரியுமா? ஆல்ஃபிரடின் மகன் எட்வர்டு! அவர் பேசிய ஆங்கிலத்தில் ‘டு சிங்’ என்பதற்கு ‘சிங்கன்’ என்ற ஒற்றைச் சொல்லே போதும்! கடைசியில் ஒட்டியிருக்கும் ‘அன்’தான் இன்ஃபினிடிவ் அடையாளம்! முன்னால் வந்து நிற்கும் ‘டு’ ஊரெல்லாம் பரவியது அதற்கு அப்புறம்தான்!

‘என்ஜாய்’, ‘அவாய்ட்’, ‘ஃபினிஷ்’. இந்த மூன்றுக்கும் பின்னால் வரும் வினை ‘இங்’ போட்டுக்கொண்டுதான் வர வேண்டும், அதாவது ஜெரண்டாக! எட்வர்டு காலத்து ஆங்கிலத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது, நம்ப முடிகிறதா? எல்லாம் பிரெஞ்சுக்காரர் வழியாகப் பின்னால் வந்தவை! நம் சபையார் கல்லில் விதி வெட்டிய நாளில், ஓர் ஆங்கிலேயர்கூட எதையும் ‘என்ஜாய்’ பண்ணியிருக்க வழியில்லை!

குடவோலையில் பெயர் ஏற என்னென்ன தகுதி தெரியுமா? வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ்! வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல்! சொந்த மனையில் வீடு! முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது! கணக்குக் காட்டாதவரா? அவர் மட்டுமா போச்சு? மாமனார், மைத்துனர், மருமகன் வரைக்கும் வாசல் அடைப்பு!

ஆங்கில வினைகளும் அந்தச் சபையாரைப் போலத்தான், தகுதி பார்த்தே உள்ளே விடும்! கணக்குக் காட்ட மறுத்தாரா? ‘ரெஃப்யூஸ்டு டு சப்மிட்’. காட்டுவதைத் தவிர்த்தாரா? ‘அவாய்டெட் சப்மிட்டிங்’. குற்றம் ஒன்றுதான், ஆனால் மாற்றிப் போட்டால் இரண்டுமே தப்பு!

என்ன அநியாயம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! ‘காட்டத் தவிர்த்தார்’ என்று உத்திரமேரூர்ச் சந்தையில் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? கிடையவே கிடையாது! தமிழும் அதே கறார்!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் வயல்காட்டில் இருக்கிறது! ‘மோட்டாரை நிறுத்த மறந்துட்டேன்’ என்றால் தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ‘நிறுத்தினதை மறந்துட்டேன்’ என்றால்? மோட்டார் எப்போதோ நின்றாயிற்று, ஞாபகம்தான் இல்லை! இதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். முதலாவது ‘ஃபர்காட் டு ஸ்விட்ச் ஆஃப்’, இரண்டாவது ‘ஃபர்காட் ஸ்விட்சிங் ஆஃப்’! பத்தாம் வகுப்புப் பிள்ளை பரீட்சையில் திணறுகிற நுணுக்கத்தை, பள்ளிக்கூடம் போகாத தாத்தா தினமும் பிசகாமல் பேசுகிறார்! இதை ஏன் வகுப்பில் முதல் நாளே சொல்லித் தருவதில்லை? எனக்கு இன்றுவரை புரியவில்லை!

பஸ் ஸ்டாண்டில் ‘ஸ்டாப்டு டு டிரிங்க் டீ’ என்றால் டீக்கடைக்காரருக்குச் சந்தோஷம். டீ குடிக்கவே நின்றிருக்கிறீர்கள்! ‘ஸ்டாப்டு டிரிங்க்கிங் டீ’ என்றால் டாக்டருக்குச் சந்தோஷம், டீயையே விட்டுவிட்டீர்கள்!

சரி, ஆங்கில ஜெரண்டுக்கு ‘இங்’ என்று ஒரே ஒரு வால். தமிழில் தொழிற்பெயருக்கு எத்தனை விகுதி தெரியுமா? நன்னூல் உரைகாரர்கள் அடுக்குவது 19! தல், அல், கை, வை, சி, வி, காடு, பாடு, அரவு, ஆனை... மூச்சு வாங்குகிறதா? ‘சாக்காடு’கூடத் தொழிற்பெயர்தான்!   

விகுதியே இல்லாமலும் நடக்கும்! ‘சுடு’ நீண்டு ‘சூடு’ ஆகும், ‘கெடு’ நீண்டு ‘கேடு’ ஆகும்! வினையெச்சத்துக்கோ நன்னூலில் 12 வாய்பாடுகள்! அதில் ‘செய’ என்ற ஒன்றுதான் இன்ஃபினிடிவுக்குச் சரியான ஜோடி.

இங்கே ஒரு கூத்து! கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஜெரண்ட் என்று அழைத்தது எதை? ‘செய்தல்’ என்பதையா? இல்லை, ‘செய்து’ என்பதை! அந்தப் புத்தகத்தையும் இன்றைய ஆங்கிலப் பாடநூலையும் ஒன்றாகப் படித்தால் தலை சுற்றாமல் இருக்குமா?

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதாத விண்ணப்பக் கடிதம் உண்டா? தப்பு! அது ‘மீட்டிங் யூ’! அந்த ‘டு’ இன்ஃபினிடிவே இல்லை, ‘டு மெட்ராஸ்’ என்பதில் வருகிற சாதாரண ‘டு’! ‘சஜஸ்ட்’ என்ற வினைக்கோ இன்ஃபினிடிவ் என்றாலே ஆகாது. ‘சஜஸ்டட் கோயிங்’ என்றுதான் வரும்!

கடைசியாக ஒன்று! ‘டீச்சர் மேட் ஹிம் ரீட்’. இதில் ‘டு’ போட்டால் மார்க் போச்சு. வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றுங்கள். ‘ஹி வாஸ் மேட் டு ரீட்’! அட, ‘டு’ வந்துவிட்டது! இப்போது அதைப் போடாவிட்டால்தான் மார்க் போச்சு!